அந்தரத்தில் தொங்கிய இஞ்சின்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பதினெட்டு நிமிடம்.

இடி விழுந்து வீட்டில் மின்சாரம் போனதால்தான் எனக்கு அந்த மணி தெரியும். கைவிளக்கு எடுக்கக் கூடத்துக்குள் வந்திருந்தேன். மின்விசிறி மெல்லச் சுற்றி நிற்கப் போனது. அது நிற்பதற்குள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அப்போது வெளியே, கார் நிறுத்தும் இடத்திலிருந்து, என் மகள் "மா" என்றாள்.

அவள் கத்தவில்லை. நான் ஆசிரியை. பள்ளித் திடலில் ஒரு பிள்ளை விழுந்து அலறினால் நான் பதறுவதில்லை. அலறுகிற பிள்ளைக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று பொருள். மெதுவாக "டீச்சர்" என்று கூப்பிடுகிற பிள்ளையிடம்தான் ஓட வேண்டும்.

லோகா மெதுவாகக் கூப்பிட்டாள். நான் ஓடினேன்.

காரின் முன்மூடி கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. காருக்கு எதிரே கிரேன் நின்றது. கிரேன் என்றதும் கட்டடம் கட்டுகிற பெரிய யந்திரத்தை நினைக்க வேண்டாம். இது ஓர் ஆள் உயரம்தான். காருக்கு அடியில் நீளும் இரண்டு இரும்புக் கால்கள், கால்களுக்குக் கீழே சின்னச் சக்கரங்கள், மேலே நீட்டிய ஒரு கை, அதை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி, கையின் நுனியில் சங்கிலி. சங்கிலியில் அந்தக் காரின் இஞ்சின் முழுதாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இஞ்சினுக்கும் காரின் மூக்கில் குறுக்கே ஓடிய இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் என் மகளின் இடது கை இருந்தது.

முறுக்குப் போத்தல்கள்

இந்தத் தொடரில் இதுவரை ஆறிப்போன கதைகளையே எழுதி வந்திருக்கிறேன். இது ஆறவில்லை. இதே மழைக்காலத்தில் நடந்தது. எழுதும்போதும் என் உள்ளங்கால் தரையைப் பிடித்துக்கொள்கிறது.

லோகா எங்கள் ஒரே மகள். மலாக்கா பட்டணத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரங்களைச் சரிபார்ப்பவள். போன வருடம் ஒரு நாள் மாலை, டுரியான் துங்காலில் உள்ள எங்கள் வரிசை வீட்டு வாசலில் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பழைய ஜப்பான் கார். இரண்டே பேர் உட்காரலாம். அவளைவிட வயதில் மூத்தது. முன்விளக்குகள் தவளைக் கண்போல் மூடிக் கிடக்கும். ஒரு விசையைத் தட்டினால் எழுந்து நம்மைப் பார்க்கும்.

வந்த நாளிலிருந்து அது எண்ணெய் ஒழுக்கியது. இஞ்சினின் பின்பக்கம் எங்கோ கசிவு, கிளட்ச்சும் தேய்ந்துவிட்டது, இஞ்சினை இறக்கினால்தான் இரண்டையும் பார்க்க முடியும் என்றாள். பட்டறைக்காரர் ஒருவர் அவளிடம், "தங்கச்சி, இத வித்துட்டு ஒரு ஆட்டோ கியர் வாங்கு லா. கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் சோறு சாப்பிடாமல் கைப்பேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். சில மாதங்கள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு நாள் அடுக்களைக்கு வந்தாள்.

"மா, இந்தப் போத்தலெல்லாம் காலியா?"

சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள். தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் போட்டு வைப்பவை.

"தீபாவளிக்கு வேணும்டி."

"அதுக்குள்ள எல்லாத்தையும் திருப்பி மாட்டிருவேன்."

"மாட்டலன்னா?"

"வர்றவங்களுக்கு போல்ட்டு குடு. கடிச்சுப் பார்க்கட்டும்."

ஒவ்வொரு போத்தலிலும் ஒரு பகுதியின் நட்டும் போல்ட்டும் சேர்ந்தன. எது எதற்கு என்று மூடியில் எழுதி ஒட்டினாள். ரேடியேட்டர் கழன்றது. குழாய்கள் கழன்றன. வேலைவிட்டு வந்ததும் உடை மாற்றிக்கொண்டு காருக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவாள். வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும். நான் துணி காயப்போடும் சாக்கில் பத்து தடவை அந்தப் பக்கம் போவேன். பாதம் அசைகிறதா என்று பார்ப்பேன். அசையவில்லை என்றால் ஏதாவது கேட்பேன்.

"டீ போடட்டா?"

"இப்பதானமா குடிச்சேன்."

பதில் வந்தால் போதும். உள்ளே போய்விடுவேன்.

லாரி தின்ற விரல்கள்

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா லூபோக் சீனா பக்கத்தில் ஒரு தோட்டத்து லாரியில் கிளீனர். மழை பெய்து ஊறிய செம்மண்ணில் லாரிக்கு ஜாக் வைத்து டயர் மாற்றியிருக்கிறார்கள். ஜாக் சறுக்கியது. அப்பாவின் வலக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

அது நடந்தது எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகான அப்பாதான் நினைவில் இருக்கிறார். மூன்று விரலால் சோற்றைப் பிசைந்து, மூன்று விரலால் உருட்டி, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவார். அப்பாக்கள் எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்து நானும் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு சாப்பிடுவேன். அம்மா கரண்டியால் என் கையில் ஒரு போடு போடுவார். "நல்லாருக்கற கைய மடக்காதடி."

அம்மா பயந்த பயம் எனக்கு அந்தக் கரண்டி வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். இன்றைக்கும் சாலையில் யாராவது டயர் மாற்றினால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவேன்.

லோகாவுக்கு அந்தப் பயம் ஒட்டவே இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தா மடியில் உட்கார்ந்து அந்த விரல் மொட்டைகளைத் தடவிக்கொண்டே இருப்பாள்.

"விரலு எங்க தாத்தா?"

"லாரி தின்னுருச்சு."

"வலிச்சுச்சா?"

"யாருக்கு, லாரிக்கா?"

இருவரும் சிரிப்பார்கள். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

இரண்டு காலண்டர்

கிரேனை லோகா தன் தோழியின் அண்ணனிடமிருந்து இரவல் வாங்கி வந்திருந்தாள். சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும். சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலை வெயிலில், தரை காய்ந்திருக்கும்போது தூக்கிவிடுவதாகத் திட்டம்.

இங்கே என் கணவரைச் சொல்ல வேண்டும். நில அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். காரியத்தில் தெளிவானவர். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தமிழ்க் காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று கோயிலில் கொடுத்தது, ஒன்று மளிகைக் கடையில் கொடுத்தது. ஒன்றில் இந்தியாவில் போடுவது போலச் சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. மற்றதில் நம் ஊரில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது என்று கணக்குப் போட்டு, பத்தேகாலிலிருந்து பதினொன்றே முக்கால். எது சரி என்று என் கணவர் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. இரண்டையும் தவிர்த்துவிடுவார். நமக்கு எதற்கு வம்பு என்பார்.

"பா, இஞ்சினுக்கு ராசி, நட்சத்திரமெல்லாம் கிடையாது லா."

"இஞ்சினுக்கு இல்லமா. கை உன்னோடதுதான?"

 லோகா சின்ன வேலைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பதினொன்றே முக்காலுக்கு மேல், கியர்பெட்டியோடு இஞ்சினைச் சேர்த்திருந்த போல்ட்டு ஒன்று துருப்பிடித்து நகர மறுத்தது. அது கழன்றபோது ஒன்றரை ஆகிவிட்டது. ஒன்றரையிலிருந்து மூன்று எமகண்டம்; அதை மட்டும் இரண்டு காலண்டரும் ஒரே மாதிரி போட்டிருந்தன. அந்த நேரத்தில் நானும் எந்தக் காரியமும் தொடங்குவதில்லை. "மூணுக்கு மேல தூக்குமா" என்று சொல்லிவிட்டு, என் கணவர் கோயில் கூட்டத்துக்கு மலாக்காவுக்குக் கிளம்பினார்.

மூன்று மணிக்கு ஊர் அணைக்கட்டுப் பக்கத்து வானம் கறுத்திருந்தது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், இந்த மாதங்களில் மழை அந்த நேரத்துக்குத்தான் வரும். நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாவற்றுக்கும் காலண்டரில் கட்டம் உண்டு. மழை நேரத்துக்கு இல்லை.

கிரேனை அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். லோகா தூக்க ஆரம்பித்தாள்.

தரையின் சரிவு

எங்கள் ஊர் வரிசை வீடுகளில் கார் நிறுத்தும் தரை சமமாக இருக்காது. கழுவிய தண்ணீர் சாலையோரக் கால்வாய்க்கு ஓட வேண்டும் என்று வெளிக்கதவை நோக்கிக் கொஞ்சம் சரித்துத்தான் கட்டுவார்கள். அதன்மேல் வழவழப்பான ஓடு பதித்தவர்கள் நாங்கள். காரின் மூக்கு வெளிக்கதவைப் பார்த்து நின்றது. கிரேன் காருக்கும் கதவுக்கும் நடுவில், சரிவில்.

லோகாவுக்கு அது தெரியாமல் இல்லை. சக்கரங்களுக்குப் பின்னால் செங்கல் வைத்திருந்தாள். ஆனால் இஞ்சினை முன்னால் இழுத்து எடுக்கக் கிரேனை நகர்த்த வேண்டும். அதற்காகச் செங்கற்களை எடுத்து ஓரமாகத் தள்ளினாள். அந்த நேரத்தில் ஒரு கம்பி இன்னும் கழற்றப்படாமல் இஞ்சினைப் பிடித்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. "மா, இருட்டா இருக்கு, லைட் எடுத்துட்டு வா" என்றாள். நான் உள்ளே போனேன். சாரல் தரையில் ஓட ஆரம்பித்திருந்தது. அவள் கையை உள்ளே விட்டாள். இடி விழுந்தது. கிரேன் தானாக உருண்டது. இஞ்சின் அதோடு முன்னால் வந்தது.

"மா, கேளு. அழாத."

நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"அந்தக் கைப்பிடியத் தொட்றாத. மேலயும் வேணாம், கீழயும் வேணாம். கிரேன அப்படியே கார் பக்கமா தள்ளு. கொஞ்சம் போதும்."

கதவுப் பக்கம் போய்த் தள்ளினேன். செருப்பு வழுக்கியது. உதறிவிட்டு வெறுங்காலோடு தள்ளினேன். தரையில் மழைத் தண்ணீரும் கறுப்பு எண்ணெயும் கலந்து ஓடின. கிரேன் அசைந்தது. ஒரு விரற்கடை போயிருக்கும். என் கால் சறுக்கியது. போனது திரும்பி வந்தது.

அது எதன்மேல் வந்து நின்றது என்று எனக்குத் தெரியும். லோகா கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. மழைச் சத்தத்தில் வந்தும் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை.

உதவிக்குக் கூவினேன். எதிர்வீட்டுப் பையன்கள் இருவர் குடையோடு ஓடி வந்தார்கள். எங்கள் வெளிக்கதவு மின்சாரத்தில் நகர்வது. மின்சாரம் இல்லை. கையால் திறப்பதற்கான சாவி என் கணவரின் சாவிக்கொத்தில், மலாக்காவில். கதவின் உச்சியில் ஈட்டிபோல் கூரான கம்பிகள். திருடன் ஏறக்கூடாது என்று நாங்களே கேட்டு வைத்தவை. பையன்கள் கதவைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டுச் சுற்றி வர வழி தேடி ஓடினார்கள்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அந்த வீட்டு மலாய் அக்கா, காக் சைத்தோன், வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். ஆசிரியை என்பதால் என்னை எப்போதும் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

"சிக்கு, ஜங்ஙான் லெப்பாஸ்" என்றார். விட்டுவிடாதே என்றார்.

சுவரைத் தாண்ட அவரால் முடியாது. சுற்றிலும் பார்த்தார். துணி காயப்போடும் நீள மூங்கிலை உருவி எடுத்தார். ஈரத் துணிகள் தரையில் விழுந்தன. மூங்கிலைச் சுவருக்கு மேலாக நீட்டி, லோகா ஓரமாகத் தள்ளி வைத்திருந்த செங்கற்களில் ஒன்றை நுனியால் தொட்டார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. நான் தள்ள வேண்டும். கிரேன் அசையும் அந்த நொடியில் அவர் செங்கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார். அப்புறம் என் கால் சறுக்கினாலும் அது திரும்பி வராது.

திரும்பி வந்தால் என்ற எண்ணம் என் கையை இரும்பிலிருந்து எடுத்தது. இன்னொரு முறை அந்தக் கையை நானே நசுக்குவேனா? நான் நின்றுவிட்டேன்.

"மா," என்றாள் லோகா. "தள்ளு. எனக்கு விரலு தெரியல."

முதுகைக் கிரேனில் கொடுத்து, பாதங்களைக் கதவின் அடிக்கம்பியில் ஊன்றினேன்.

"சாத்து," என்று மலாயில் எண்ணத் தொடங்கினார் காக் சைத்தோன். "டுவா. தீகா."

தள்ளினேன். செங்கல் ஓட்டில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி எண்ணினார். மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவை செங்கல் உரசியபோது லோகாவின் உடம்பு பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது. கை அவள் மடியில் இருந்தது.

வேலைக்குப் போடும் தடித்த கையுறை போட்டிருந்தாள். அது தட்டையாக இருந்தது. நுனியிலிருந்து சொட்டியது எண்ணெயா வேறா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. நான் கையுறையைத் தொடப் போனேன்.

"கழட்டாத," என்றாள். "மா, ப்ளீஸ். கழட்டாத."

உள்ளே எத்தனை விரல் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை.

கையுறைக்குள்

எதிர்வீட்டுப் பையன்கள் பின்சந்து வழியாகச் சுற்றி அப்போதுதான் காக் சைத்தோன் வீட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். நாற்காலி போட்டுச் சுவருக்கு மேலாக அவளை அந்தப் பக்கம் இறக்கினோம். காக் சைத்தோன் ஒரு துண்டால் கையுறையோடு சேர்த்துக் கட்டினார். அவருடைய காரில்தான் மலாக்காவுக்குப் போனோம். வழியெல்லாம் கண்ணாடியில் மழை. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பின்னிருக்கையில் லோகா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் தலைமுடியில் பெட்ரோல் வாசம். நான் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விரலால் சோறு பிசைவது என் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. பத்திரங்களைத் தட்டச்சு செய்கிற கை. நாளைக்கு ஒரு வீட்டில் அவளைப் பெண் கேட்டு வந்தால் முதலில் பார்க்கப்போகிற கை. அந்த நேரத்தில் அதையெல்லாம் நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

அவசரப் பிரிவில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் என் காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. கணுக்கால்வரை கறுப்பு எண்ணெய்.

என் கணவர் வீட்டிலிருந்து அழைத்தார். கூட்டம் முடிந்து வந்து கதவைத் திறந்திருக்கிறார். மகளும் இல்லை, நானும் இல்லை. சங்கிலியில் இஞ்சின் மட்டும் தொங்கியிருக்கிறது.

நடந்ததைச் சொன்னேன்.  "எத்தன மணிக்கு?" என்றார்.

"மூணு பதினெட்டு."

"மூணுக்கு மேலதான," என்றார். "நல்ல நேரந்தான அது."

 எங்கள் வீட்டு மழை தகரத்தில் விழுவது கைப்பேசி வழியாகக் கேட்டது.

உடனே கிளம்பி வருவதாகச் சொன்னார். பிறகு, "இத எப்படி விட்டுட்டு வர்றது? தெருவுல சுத்துற அந்த மஞ்சப் பூனை அடியில வந்து படுக்குது" என்றார். இஞ்சினை இறக்கி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தொட வேண்டாம், யாரும் எதையும் தொட வேண்டாம் என்று நான் கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரேன்காரர் வந்து இறக்கும்வரை அவர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். மடியில் பூனை.

நெடுநேரம் கழித்து மருத்துவர் வந்தார். இளம் பெண். தலைத்துணியின் ஓரத்தில் பேனா செருகியிருந்தது. கையுறையைக் கத்தரித்து எடுத்தோம் என்றார். நான் எழுந்து நின்றேன்.

"செமுவா அடா, பூவான்," என்றார்.

எல்லாம் இருக்கிறது.

இரண்டு விரல்களில் எலும்பு உடைந்திருக்கிறது, கம்பி வைக்க வேண்டும், நடுவிரல் முழுவதும் மடங்குமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார். தடித்த கையுறை கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறது என்றார். அவர் பேசியதில் பாதி என் காதில் ஏறவில்லை. எல்லாம் இருக்கிறது என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

கம்பி வைத்து, கட்டுப்போட்டு, வார்டில் படுக்கவைத்த பிறகு எனக்கு மறுபடி அழுகை வந்தது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். நிறுத்த முடியவில்லை.

அப்போது என் அப்பா வந்தார்.

லூபோக் சீனாவிலிருந்து தம்பி கூட்டி வந்திருந்தான். கைலியின் ஓரம் நனைந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. என்னைப் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போனார். கட்டுக்கு வெளியே நகங்கள் மட்டும் தெரிந்தன, ஓரத்தில் இன்னும் எண்ணெய்க் கறுப்போடு. அவர் குனிந்து அந்த நகங்களை ஒவ்வொன்றாக, பெருவிரலில் தொடங்கிச் சுண்டு விரல்வரை, தொடாமல் பார்த்தார். லோகா கண்ணைத் திறந்தாள்.

"தாத்தா. அஞ்சும் இருக்கு."

"பார்த்தேன்."

தன் வலக்கையை எடுத்து, கட்டுப்போட்ட அவள் கைக்குப் பக்கத்தில் விரிப்பின்மேல் வைத்தார். மூன்று விரல். கொஞ்ச நேரம் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எதுக்குடி அழுவுற? என்னைய விட ரெண்டு கூடவே வச்சிருக்கா. அந்த இஞ்சின திருப்பி மாட்ட அது போதும்."